இரண்டு குரல்களின் சங்கீதம்

நண்பர் ஒருவர், கவிஞர், என் மீது ஒரு குற்றச்சாட்டு வைத்திருக்கிறார். வேலூரில் அவருடைய அறையில் நாலைந்து பேர் கூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கொஞ்சம் சங்கீதம் போட்டுக் காட்டினேன். பத்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "இது சங்கீதம் இல்லை. சாவி கொடுத்த பொம்மையின் சத்தம். நீ கேட்பது உன் பால்யத்தை. அதை எங்களையும் கேட்கச் சொல்லாதே." மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆம்பூருக்கு பஸ் ஏறிய பிறகுதான் அந்தக் கடைசி வாக்கியம் உறுத்த ஆரம்பித்தது. ஒரு கலைப்பொருளில் நான் காண்பதாகச் சொல்வது அதில் இருக்கிறதா, அல்லது நான் கொண்டுபோய் வைத்ததா? விமர்சனம் எழுதுகிற எவனும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. அன்று என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கான முயற்சி.

நான் போட்டுக் காட்டியது 'டிராகன் குவெஸ்ட்' என்ற ஜப்பானிய வீடியோ விளையாட்டின் இசை. எனிக்ஸ் நிறுவனம் 1986 மே மாதம் வெளியிட்டது. வடிவமைத்தவர் யூஜி ஹோரி, உருவங்களை வரைந்தவர் அகிரா டோரியாமா, இசை கோயிச்சி சுகியாமா. ஆடுகிறவன் ஒரு வீரனின் பாத்திரத்தை ஏற்று, தன்னந்தனியாக ஊர் ஊராக நடந்து, ஜனங்களிடம் விசாரித்து, எதிர்ப்படும் பிராணிகளோடு சண்டையிட்டு, சிறுகச் சிறுக பலம் சேர்த்து, கடைசியில் டிராகன் அரசனை வெல்ல வேண்டும். கதையில் விசேஷம் ஏதுமில்லை. இந்த வகை விளையாட்டுகள் ஜப்பானில் பெருகுவதற்கு இதுதான் வழி திறந்தது. மறுவருஷமே 'ஃபைனல் ஃபேன்டஸி' வந்தது. அதற்கு இசையமைத்த நோபுவோ உவேமாட்சு தாமாகவே சங்கீதம் கற்றுக்கொண்டவர்.

சுகியாமா அப்படியில்லை. 1931-ல் பிறந்தவர். தொலைக்காட்சி நிறுவனத்தில் வேலை பார்த்து, அறுபதுகளில் ஜனரஞ்சகப் பாட்டுகளுக்கு மெட்டமைத்துப் பெயர் வாங்கியவர். எனிக்ஸ் வெளியிட்ட சதுரங்கம் போன்ற ஒரு விளையாட்டைப் பற்றித் தம் அபிப்பிராயத்தை அட்டையில் எழுதிப் போட்டார். அந்த அட்டைதான் அவரை இந்த வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அப்போது அவருக்கு வயது 55. அவர் எழுதியது மொத்தம் 8 உருப்படிகள். படம், எழுத்து, இசை எல்லாம் சேர்த்து முழு விளையாட்டும் 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கு இதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும்.

இந்த விளையாட்டு ஓடிய ஃபேமிகாம் பெட்டி 1983-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் நகல்கள் தொண்ணூறுகளில் 'டிவி கேம்' என்ற பெயரில் எங்கள் ஊர்களுக்கும் வந்தன. மணிக்கணக்கில் வாடகைக்கு ஆடக் கொடுத்தார்கள். அந்தக் கேசட்டுகளில் மாரியோ இருந்தான், கான்ட்ரா இருந்தது. பேச்சும் எழுத்தும் நிறைந்த டிராகன் குவெஸ்ட் என் கண்ணில் பட்டதில்லை. நான் அதை ஆடியது 2003-ல், ஆம்பூரில் ஒரு பிரௌசிங் சென்டரில். பழைய பெட்டியைப் போல் நடிக்கும் ஒரு மென்பொருளில், 'டிராகன் வாரியர்' என்ற அமெரிக்கப் பதிப்பாக. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஆகவே பால்யம் என்ற குற்றச்சாட்டு கணக்குப்படியே பாதி விழுந்துவிடுகிறது. மீதிப் பாதியைப் பார்க்கலாம்.

ஃபேமிகாமின் ஒலிக்கருவி ஏழைக் கருவி. இரண்டு சதுர அலைகள், ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், பதிவு செய்த துண்டு ஒலிகளுக்கென்று ஒரு மூலை. முக்கோண அலைக்குச் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது. ஒலிக்கும், அல்லது நிற்கும். மெட்டு வாசிக்கக் கிடைப்பவை மூன்றே குரல்கள். அதிலும் கத்தி வீசும் சத்தம், கதவு திறக்கும் சத்தம் வரும்போது ஒரு குரலை அது பிடுங்கிக்கொள்ளும். எனவே டிராகன் குவெஸ்டில் பெரும்பாலும் நாம் கேட்பது இரண்டு குரல்கள்தான்.

இந்த இடத்தில் இந்த இசையைப் புகழ்கிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: கட்டுப்பாடுதான் கலையைப் பிறப்பித்தது என்று. நம் வட்டத்திலும் இது பழக்கமான வாக்கியம். கவிதையில் சொற்சிக்கனம் என்று பேச ஆரம்பித்து, கடைசியில் சிக்கனமே கவிதை என்று முடித்துவிட்டவர்கள் நாம். இந்தத் தோல் பிரதேசத்தில் பிறந்தவனுக்கு அந்த வாக்கியம் தொண்டையில் இறங்காது. பாலாற்றில் தண்ணீர் ஓடாததை எளிமை என்று இங்கே யாரும் கொண்டாடுவதில்லை. சுண்ணாம்புக் குழியில் கை வெந்தவனிடம் உன் இல்லாமைதான் உன் தொழில் நேர்த்திக்குக் காரணம் என்று சொல்லிவிட்டு ஒருவன் வீடு போய்ச் சேர முடியாது. இல்லாமை எதையும் பிறப்பிப்பதில்லை. அதே பெட்டியில் அதே மூன்று குரல்களை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் காது குடையும் சத்தங்களை எழுதியிருக்கிறார்கள். டிராகன் குவெஸ்டின் முகப்பிசையை ஐந்து நிமிஷத்தில் எழுதியதாக சுகியாமா சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தோடு அதுவரை வாழ்ந்த வருஷங்களையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லியிருக்கிறார். சரியான கணக்கு அதுதான். கருவி ஏழை. வந்தவர் கை நிறையக் கொண்டுவந்தார். அதில் எதை வெளியே வைத்துவிட்டு வருவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

என்ன கொண்டுவந்தார்? இரண்டு குரல்களை வைத்துக்கொண்டு ஸ்வரக் கூட்டுகளைக் கட்ட முடியாது. மேலே ஒரு மெட்டு, கீழே அதற்குத் தாங்கல் என்று செய்தால் ஒல்லியாக இருக்கும். சுகியாமா பழைய ஐரோப்பிய சங்கீதத்துக்குப் போனார். பாக் காலத்தில் இரண்டு குரல்கள் எஜமானும் வேலைக்காரனுமாக இருப்பதில்லை. இரண்டும் மெட்டு. ஒன்று நிற்கும்போது மற்றது நகரும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். அரண்மனைக்கென்று அவர் எழுதிய உருப்படி முழுக்க இந்த முறையில் அமைந்தது. மேல்குரலை மூடிவிட்டுக் கீழ்க்குரலை மட்டும் கேட்டாலும் அது ஒரு பாட்டாகவே நிற்கும். ராஜா, சிம்மாசனம், காவலாளி என்ற அட்டைப் படங்களுக்கு கௌரவத்தைத் தருவது இந்த இரண்டு கோடுகள்தான். இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. வீரன் செத்துப்போனால் பாதிப் பொற்காசுகளை இழந்து ராஜாவின் முன்னால்தான் கண் விழிப்பான். அப்போதும் அதே இசை. கம்பீரமாகக் கேட்ட சங்கீதம் பத்தாவது சாவுக்குப் பிறகு அவமானமாகக் கேட்கிறது. ஒரு ஸ்வரமும் மாறவில்லை. மாறியது வந்து நிற்கிறவனின் நிலைமை.

வெளி உலகத்தில், அதாவது ஊர்களுக்கு இடையே நடக்கும்போது வரும் இசை வேறு ரகம். கீழ்க்குரல் நடக்கிறது. மேல்குரல் சுற்றிலும் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் பெரிய வெற்றிடம். கட்டாந்தரையும் மலையும் ஆக ஒரு தேசம், அதில் ஒற்றை ஆள். அந்தத் தனிமையை எழுதியது அந்த இடைவெளிதான். ஒரு சுற்று ஒரு நிமிஷம்கூட வராது. அதுவும் முழுசாகக் கேட்கக் கிடைப்பது அபூர்வம். பத்துப் பதினைந்து அடி வைப்பதற்குள் ஏதாவது ஒரு பிராணி வந்துவிடும். இசை நடுவில் அறுந்து சண்டை இசை வரும். சண்டை முடிந்தால் வெளியின் இசை விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து தொடங்கும். ஆகவே அந்த உருப்படியின் ஆரம்பத்தை ஆயிரம் தடவை கேட்டிருப்போம். அதன் பின்பாதியைக் கேட்பது, ஒருவரும் குறுக்கிடாமல் கொஞ்ச தூரம் நடக்கக் கிடைத்ததற்கான பரிசு.

குகை இசையில் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். குகைக்குள் இருட்டு. தீப்பந்தம் இருந்தால் தன்னைச் சுற்றி ஒரு கட்டம் மட்டும் தெரியும். ஒவ்வொரு தளமாகக் கீழே இறங்க இறங்க அதே மெட்டு ஸ்தாயியில் இறங்குகிறது, காலத்திலும் மெதுவாகிறது. மேலும் ஒரு தளம், மேலும் கனம். ஒரே உருப்படியை வைத்து இதைச் செய்தது இடச் சிக்கனத்துக்காகவும் இருக்கலாம். ஆனால் ஆழம் என்ற அனுபவத்தைச் சொல்ல இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை. நம்மில் இருட்டைப் பற்றிக் கவிதை எழுதியவர்கள் பலர். இருட்டு என்ற வார்த்தையை அதில் எத்தனை முறை போட்டிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

எட்டும் நன்றாக இருப்பதாக நான் சொல்லவில்லை. ஊர் ஜனங்களுக்கான இசையில் தித்திப்பு கொஞ்சம் அதிகம். சண்டை இசை பதற்றத்துக்காக அரை ஸ்வரங்களில் ஏறி இறங்குகிறது. முதல் தடவை பயம், முப்பதாவது தடவை எரிச்சல். அங்கே இரண்டு குரல்களும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆம்பூர்க் காது இந்த இரட்டைக் கோட்டை எப்படி வாங்கிக்கொண்டது என்பதையும் யோசித்திருக்கிறேன். நம் சங்கீதம் ஒற்றைக் கோடு. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து, பாட்டுக்குப் பின்னால் தம்புரா. இரண்டாவது குரல் அசையாமல் நிற்கும் சுருதி. அசைந்து வாதாடும் இரண்டாவது குரல் நமக்குப் பழக்கமில்லை. ஆனால் எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. ஷூ கம்பெனி பஸ்களில் காலையிலும் சாயங்காலமும் ஓடிய கேசட்டுகளில் இளையராஜாவின் பேஸ் கிடார் பாடகரைச் சட்டை செய்யாமல் தனக்கென்று ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. பஸ்ஸின் பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பாடகரின் குரலைவிட அதுதான் நன்றாகக் கேட்கும். இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' வெளிவந்ததும் இதே 1986-ல்தான். அதில் ஒரு உருப்படிக்கு, பாக் என்பவரைத் தம் வீட்டில் சந்தித்ததாகவே பெயர் வைத்திருக்கிறார். ஒருவரை ஒருவர் அறியாமல் சென்னையில் ஒருவரும் டோக்கியோவில் ஒருவரும் ஒரே வருஷத்தில் பாக் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். இதற்கு நான் பெரிய அர்த்தம் எதுவும் கற்பிக்கப் போவதில்லை. பின் சீட்டுக்காரர்களின் காது அதற்கு ஏற்கெனவே தயாராகியிருந்தது என்பது மட்டுமே என் கட்சி.

இனி நண்பரின் முதல் வாக்கியம்: சாவி கொடுத்த பொம்மை. இந்த இசை திரும்பத் திரும்ப வருகிறது என்பதுதான் அவருடைய அருவருப்புக்குக் காரணம். இதே கேள்வியை அவருக்கு முன்பே ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார்.

என் அப்பா ஒரு தோல் தொழிற்சாலையில் டிரம் பார்த்தவர். ஆள் உயரத்தையும் தாண்டிய மரப் பீப்பாய்கள். உள்ளே முளைகள். படுத்தவாக்கில் மணிக்கணக்காகச் சுற்றும். ஈரத்தோல்கள் முளையில் ஏறி மேலே போய் விழும். தண்ணீர் குறைவா, சரக்கு அதிகமா என்பதை விழுகிற சத்தத்தைக் கொண்டே சொல்லிவிடுவார். வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் ஒரு ராத்திரி நான் ஆடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து உட்கார்ந்தார். வெளியின் இசை ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"இது எப்பதாண்டா முடியும்?"

"இது முடியாதுப்பா. நாம நிறுத்தினாத்தான் நிக்கும்."

"அப்ப டிரம்மு மாதிரின்னு சொல்லு."

அப்போது அதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். அது இந்த சங்கீதத்தைப் பற்றிய மிகக் கறாரான விமர்சனம் என்று பிறகுதான் பட்டது. கச்சேரிக்கு எழுதுகிறவனுக்குக் கேட்பவன் எப்போது எழுந்துபோவான் என்று ஒரு உத்தேசம் உண்டு. சினிமாவுக்கு எழுதுகிறவனுக்குக் காட்சியின் நீளம் வினாடிக் கணக்கில் தெரியும். சுகியாமாவுக்கு எதுவும் தெரியாது. ஆடுகிறவன் அந்த வெளியில் பத்து வினாடி நிற்கலாம், இரண்டு மணி நேரம் நிற்கலாம். முடிவு எழுதுகிறவன் கையில் இல்லை. ஆகவே முடிவை நோக்கிப் போகாத, ஆனாலும் சலிக்காத ஒன்றை எழுத வேண்டும். கடைசி ஸ்வரம் முதல் ஸ்வரத்தோடு சேரும் தையல் தெரியக்கூடாது. டிரம்மின் சுற்றலும் இதுவும் ஒன்றா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். டிரம் சுற்றுவது கேட்பவனுக்காக அல்ல. அங்கே திரும்பி வருவது தேய்மானம் மட்டுமே. இங்கே ஒவ்வொரு சுற்றிலும் காது வேறொரு இடத்தில் உட்காரலாம். ஒரு சுற்று மேல்குரலோடு. அடுத்த சுற்று கீழ்க்குரலோடு. பிறகு நடுவிலிருக்கும் வெற்றிடத்தோடு. இரண்டு கோடுகளும் தன்னளவில் முழுமையாக இருப்பதால்தான் இது சாத்தியமாகிறது. தாங்கலாக மட்டும் இருக்கிற கீழ்க்குரலோடு யாரும் ஒரு சுற்றுக்கு மேல் இருக்க முடியாது. சண்டை இசை தோற்பதும் இங்கேதான்.

இதனால்தான் இதே இசை வாத்தியக்குழுவுக்குப் போகும்போது எனக்கு ஒட்டவில்லை. விளையாட்டு வெளிவந்த வருஷமே சுகியாமா இதை ஒரு சிம்பொனித் தொகுப்பாக்கி இசைத்தட்டு வெளியிட்டார். 1987-ல் டோக்கியோவில் கச்சேரியும் நடத்தினார். 2021 ஜூலை 23 அன்று டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர்களின் அணிவகுப்பு ஆரம்பித்தது டிராகன் குவெஸ்டின் முகப்பிசையோடுதான். வீட்டில் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டவுடன் உடம்பு சிலிர்த்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சிலிர்ப்பு என் நண்பர் சொன்ன பால்யச் சமாச்சாரம்தான். கொம்பும் தாரையும் வயலின்களும் சேர்ந்து அந்த இடைவெளியைப் பஞ்சு அடைத்ததுபோல் அடைத்துவிட்டன. காது உட்கார இடமில்லை. எல்லாவற்றையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். கூடவே ஒரு முடிவையும் ஒட்டவைத்துவிடுகிறார்கள், கைதட்டுவதற்கு வசதியாக. அடுத்த இரண்டு மாதத்தில், செப்டம்பர் 30 அன்று சுகியாமா இறந்துபோனார்.

அவரைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் பெண்களை நிர்ப்பந்தப்படுத்தவில்லை என்று வாதாடி 2007-ல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் வந்த விளம்பரத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். இதைப் படித்த வாரம் அவருடைய இசையைக் கேட்க முடியவில்லை. பிறகு கேட்டேன். கலைஞன் வேறு கலை வேறு என்ற சௌகரியமான தீர்வில் எனக்கு நம்பிக்கை இல்லை. அணிவகுப்புக்கு வாசித்த அந்தப் பெரிய இசையில் கொடியின் சலசலப்பு எனக்கு இப்போது கேட்கிறது. இரண்டு குரல்களில் நடக்கிற அந்த ஒற்றை ஆளிடம் அது கேட்கவில்லை. இது நியாயமா, எனக்கு வேண்டியதைக் காப்பாற்றிக்கொள்ளும் தந்திரமா என்று தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை.

கடைசியாக நண்பரின் இரண்டாவது வாக்கியத்துக்கு என் சாட்சி. அப்பாவுக்கு இப்போது காது பாதிக்குமேல் போய்விட்டது. உயர்ந்த சத்தங்கள் எட்டுவதில்லை. காலிங் பெல் கேட்காது. லாரி வந்தால் தெரியும். வேலூரிலிருந்து திரும்பிய அந்த வாரம் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெரிய ஸ்பீக்கரில் அரண்மனை இசையைப் போட்டேன். எதற்கென்று சொல்லவில்லை. மூன்று சுற்று கேட்டார். "மேல ஏதோ கொசு மாதிரி கத்துது, சரியாத் தெரியல. கீழ ஒண்ணு போகுது பாரு, அது நல்லா இருக்கு" என்றார். நாலாவது சுற்றில் அவர் விரல் நாற்காலிக் கையில் அதனுடைய நடையைத் தட்டிக்கொண்டிருந்தது. எங்கே திரும்பும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் இந்த விளையாட்டை ஆடியதில்லை. அவருக்கு இதில் பால்யம் எதுவும் கிடையாது. பாதி சங்கீதம்தான் அவர் காதில் விழுந்தது. அந்தப் பாதி அவருக்குப் போதுமானதாக இருந்தது. நண்பர் அடுத்த முறை ஆம்பூர் வந்தால், மேல்குரலை அடைத்துவிட்டு அவருக்கும் போட்டுக் காட்டுவதாக இருக்கிறேன்.